லட்டுவை யாரிடம் விட்டுப் போவது?

நம் சங்க இதழில் சமையல் குறிப்பு, திருக்குறள் விளக்கம், பயணக் கட்டுரை, வருமான வரி யோசனை என்று எத்தனையோ வந்திருக்கின்றன. பாம்பு வளர்ப்பு பற்றி ஒரு கட்டுரை வருவது அநேகமாக இதுவே முதல் தடவையாக இருக்கும். அன்பர்கள் முகம் சுளித்துப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். முப்பது வருடம் தலைநகர்ப் பள்ளிகளில் விலங்கியல் பாடம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் பாடம் நடத்தும் வழக்கம் போகவில்லை. இதையும் அப்படி ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூன் மாதம், டில்லி வெயில் ஆளைக் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மாலையில், மயூர் விஹாரில் எங்கள் அடுத்த பிளாக்கில் குடியிருக்கும் அம்மாள் கதவைத் தட்டினார். கும்பகோணத்துக்காரர். கணவருக்கு பாங்க் வேலை, குவாஹாத்தியில் மாற்றல். வீட்டில் மாமியார், பத்து வயதுப் பெண், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன். பையனுக்குத் தெற்கே ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்கும் நிலை. சந்தோஷமான செய்திதானே என்று சர்க்கரை எடுக்கப் போனேன்.

"சந்தோஷம்தான் சார். ஆனா அந்தப் பாம்பை என்ன பண்றது?" என்றார்.

பையன் பாம்பு வைத்திருப்பது எனக்குத் தெரியும். 2021-இல், கொரோனா அடைப்பில் பள்ளி எல்லாம் கைபேசிக்குள் நடந்துகொண்டிருந்த காலத்தில், ரோஹிணியில் ஒருவரிடமிருந்து அதை வாங்கி வந்தான். அந்த ஒருவரும் மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறவர். பாம்பை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும் என்ற அவசரத்தில் இவனிடம் தள்ளிவிட்டுப் போனார். ஆக, படிக்கப் போகிறவர் விட்டுப் போன பாம்பு, படிக்கப் போகிறவனால் மறுபடி விடப்படும் நிலையில் இருந்தது.

ஆங்கிலத்தில் அதன் பெயர் பால் பைதான். பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து போலச் சுருண்டுகொள்ளும் என்பதால் வந்த பெயர். வீட்டுப் பெரியம்மா 'பால்' என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, இது பால் குடிக்கும் பாம்பு என்று முடிவு செய்து, முதல் வெள்ளிக்கிழமையே ஒரு கிண்ணம் பாலை வைத்துவிட்டார். பையன் பதறிப்போய் எடுத்தான். அது சுருண்டு கிடந்த அழகைப் பார்த்த தங்கைதான் 'லட்டு' என்று பெயர் வைத்தாள்.

இங்கே பாலைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தப் பாம்புக்கும் பால் உணவு அல்ல. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஏற்பாடு அதன் வயிற்றில் இல்லை. பாம்பாட்டியின் கூடையில் நாள் கணக்காகத் தண்ணீர் இல்லாமல் கிடந்த பாம்பு, தாகத்தில் எதைக் கொடுத்தாலும் குடிக்கும். அதைப் பார்த்து நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்.

லட்டுவின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. மேற்கே செனகலிலிருந்து கிழக்கே உகாண்டா வரை புல்வெளிகளில், எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கும் இனம். விஷம் கிடையாது. வளர்ந்தால் மூன்றிலிருந்து ஐந்து அடி. லட்டுவுக்கு அப்போது ஆறு வயது, நான்கு அடி நீளம், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றே குறைவு. உலகத்தில் அதிகமாக வீடுகளில் வளர்க்கப்படும் பாம்புகளில் இதுவும் ஒன்று.

"இன்னும் எத்தனை வருஷம் இருக்கும் சார்?" என்று அந்த அம்மாள் கேட்டபோது கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன். நன்றாக வைத்துக்கொண்டால் இருபது, முப்பது வருடம் சாதாரணம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலைக்கு 1961-இல் ஒரு தனி நபர் இந்த இனத்துப் பெண் பாம்பு ஒன்றைக் கொடுத்தார். அது 2020 ஜூலையில், அறுபது வயதைத் தாண்டிய நிலையில், ஆண் துணை அருகில் இல்லாமலே ஏழு முட்டை இட்டுப் பத்திரிகைச் செய்தி ஆயிற்று. பையன் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, அவன் பிள்ளையும் கல்லூரிக்குப் போகும் நாளில் லட்டு உயிரோடு இருக்கலாம். நான்கு வருடப் படிப்பு என்று மட்டும் நினைத்து ஏற்பாடு செய்தால் போதாது.

அம்மாள் ஒன்றும் பேசாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

யமுனைக் கரை யோசனை

பெரியம்மாவிடம் ஒரு தீர்வு இருந்தது. "பாவம், ஜீவன்தானே. யமுனைக் கரையில கொண்டு விட்டுட்டா பொழச்சுக்கும். நமக்கும் புண்ணியம்."

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. 2006-இல் நான் வேலை பார்த்த பள்ளியில், ஒரு மாணவன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் கொண்டுவந்து கொடுத்த சிவப்புக் காது ஆமைகள் இரண்டு, ஆய்வுக்கூடத் தொட்டியில் இருந்தன. ஐந்து ரூபாய் நாணயம் அளவில் வாங்குவார்கள். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்துவிடும். கோடை விடுமுறைக்கு யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தபோது, விலங்கியல் ஆசிரியனாகிய நானே, பிள்ளைகள் புடைசூழ, அவற்றைக் கொண்டுபோய் ஒரு ஏரியில் விட்டேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அமெரிக்க மிசிசிப்பிப் பகுதியைச் சேர்ந்த அந்த ஆமை, உலகத்தின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவிகள் பட்டியலில் இருக்கிறது என்பதும், விட்ட இடத்தில் உள்ளூர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும் என்பதும் பிறகு படித்தபோதுதான் உறைத்தது. அந்த ஏரிப் பக்கம் போகும்போதெல்லாம் இன்றும் கரைக் கற்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன்.

ஆகவே பெரியம்மாவிடம் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினேன். விட்டுவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். பெரும்பாலும் அது செத்துப்போகும். ஜனவரியில் டில்லி இரவு நாலைந்து டிகிரிக்கு இறங்கும்போது, ஆப்பிரிக்க வெயிலுக்குப் பிறந்த பாம்பு எங்கே ஒதுங்கும்? அதற்கு முன்பே யாராவது தடியோடு வந்துவிடுவார்கள். 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் வரை ஏறி நம் பக்கமெல்லாம் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். அப்போது வீட்டுப் பக்கம் ஒதுங்கிய சாரைக்கும் தண்ணீர்ப் பாம்புக்கும் நம் ஜனங்கள் தந்த வரவேற்பைப் பெரியம்மாவே பார்த்திருக்கிறார்.

சாகாமல் பிழைத்துக்கொண்டால் அது இன்னும் கெடுதல். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், வீடுகளில் வளர்த்து விட்டதும் தப்பித்ததுமான பர்மா மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் என்ற சதுப்புநிலக் காட்டில் பெருகிவிட்டன. நம் வடகிழக்கு மாநிலங்களில் இயற்கையாக வாழும் அதே பாம்புதான். நம் காட்டில் அதற்கு எதிரியும் உண்டு, எல்லையும் உண்டு. அங்கே இரண்டும் இல்லை. 2012-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பாம்பு பெருகிய பகுதிகளில் சாலையோரம் கண்ணில் படும் ரக்கூன்கள் 99.3 சதவீதமும், ஒப்போஸம் என்னும் பிராணி 98.9 சதவீதமும், பாப்கேட் என்னும் காட்டுப் பூனை 87.5 சதவீதமும் குறைந்துவிட்டதாகக் கணக்குக் காட்டியது.

அந்தப் பாம்புகளைத் தேட 2017-இல் அழைக்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? நம் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் பெருமக்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். அந்த நாட்டு வேட்டைக்காரர்கள் தேடித் தேடிச் சலித்த இடத்தில், இவர்கள் இரும்புக் கம்பியும் கூர்ந்த கண்ணுமாக இறங்கி, முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடி. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது நான் இனிப்பு வாங்கி வந்து அண்டை வீட்டாருக்குக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொன்னேன்.

பெரியம்மா கேட்டுவிட்டு, "அப்போ விடறது புண்ணியம் இல்லேங்கறீங்க" என்றார். அதோடு யமுனைக் கரைப் பேச்சு நின்றது.

தாள் யார் பெயரில்?

மற்ற வழிகளையும் பார்த்தோம். விடுதிக்கு எடுத்துப்போகும் பேச்சே இல்லை. பையனின் விடுதி விதிப் புத்தகத்தில் வளர்ப்புப் பிராணி கூடாது என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. ஒளித்து வைக்கலாம் என்று ஒரு நண்பன் யோசனை சொன்னானாம். அறைத் தோழன் ஒருநாள் படுக்கைக்குக் கீழே செருப்பைத் தேடினால் முடிந்தது கதை. மிருகக்காட்சி சாலை என்றால், செயின்ட் லூயிஸில் 1961-இல் நடந்தது இன்று எல்லா இடத்திலும் நடக்காது. இட நெருக்கடி, நோய் பயம், தாள் சிக்கல் என்று பெரும்பாலும் கை விரித்துவிடுவார்கள். வேறு ஒருவருக்குக் கொடுப்பது முறையான வழிதான். ஆனால் கேட்டு வந்த இரண்டு பேரில் ஒருவர் முதலில் விலையைக் கேட்டார். மற்றவர் கல்யாண வீடுகளில் கழுத்தில் போட்டுப் போட்டோ எடுக்கலாமா என்று கேட்டார். பையன் இருவரையும் அனுப்பிவிட்டான், சரியாகவே செய்தான்.

எந்த வழியில் போனாலும் குறுக்கே நிற்பது சட்டம். அன்பர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டு நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க முடியாது. தோட்டத்தில் பிடித்தேன், குட்டியாக இருந்தது, அன்பாக இருக்கிறது என்ற சமாதானம் எதுவும் எடுபடாது. அப்படி யாரிடமாவது இருந்தால் வனத்துறையிடம் சொல்லி ஒப்படைப்பது ஒன்றே வழி.

அயல்நாட்டு இனங்களின் கதை வேறு. அவற்றுக்கு வெகுகாலம் தெளிவான விதி இல்லை. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், இப்படி வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து அறிவிக்கலாம், ஆறு மாதத்துக்குள் அறிவிப்பவர்களிடம் ஆவணம் கேட்க மாட்டோம் என்று சொன்னது. பிறகு 2022-இல் சட்டம் திருத்தப்பட்டது. சர்வதேச உடன்படிக்கையில் கண்ட அயல் இனங்கள் நான்காம் அட்டவணையில் வந்தன. லட்டுவின் இனமும் அதில் அடக்கம். 2024 பிப்ரவரி 28-இல் வந்த விதிகளின்படி, அவற்றை வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் பரிவேஷ் என்ற அரசு இணைய வாசல் வழியாக மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதன் பிறகு புதிதாகப் பெறுபவர்களுக்கு முப்பது நாள் தவணை. கை மாறினாலும், குட்டி பொரித்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும்.

பையனிடம் தாள் இருந்தது. எடுத்துப் பார்த்தால், 2020-இல் ரோஹிணிக்காரர் கொடுத்த அறிவிப்பின் நகல். மூன்று வருடமாக லட்டு வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் பெயரில் மயூர் விஹாரில் வாழ்ந்திருக்கிறது! கை மாறியதை இருவருமே தெரிவிக்கவில்லை. பதினைந்து வயதுப் பையனுக்கு அது தோன்றவில்லை. வீட்டுப் பெரியவர்கள் கேட்கவுமில்லை. சட்டம் தெரிந்தவர் போலப் பேசும் நானும் கேட்கவில்லை.

நல்லவேளை, ஆறு மாதத் தவணையில் இன்னும் இரண்டு மாதம் மிச்சம் இருந்தது. கணினி முன் உட்கார்ந்தோம். விண்ணப்பத்தில் உரிமையாளர் பெயர் என்ற இடம் வந்ததும் பையன் தன் பெயரை அடிக்கப் போனான். நான் தடுத்தேன். நீ இருக்கப் போவது ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். பாம்பு இருக்கப் போவது இங்கே. நாளைக்கு அதிகாரி வந்து கேட்டால் பதில் சொல்லப் போவது யார்? குவாஹாத்தியில் இருக்கும் அப்பாவும் இல்லை.

எல்லோரும் அந்த அம்மாளைப் பார்த்தோம். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட லட்டுவைத் தொடாதவர். பெட்டி இருக்கும் அறைக்குள் விளக்கைப் போடாமல் நுழையாதவர்.

வெகு நேரம் கழித்து, "என் பேரையே போடுடா" என்றார். "ஆனா எலியெல்லாம் என் பிரிட்ஜுக்குள்ள வரக் கூடாது. சொல்லிட்டேன்."

அம்மாவுக்குப் பாடம்

கல்லூரி திறக்க ஐந்து வாரம் இருந்தது. ஒரு கால அட்டவணை போட்டோம். முதல் வாரம் அம்மா பார்ப்பது மட்டும். இரண்டாம் வாரம் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றுவது. மூன்றாம் வாரம் பையன் பக்கத்தில் நிற்க, அம்மா பெட்டியைச் சுத்தம் செய்வது. நான்காம் வாரத்திலிருந்து பையன் வீட்டிலேயே இருந்தாலும் பெட்டியைத் தொடக் கூடாது. எல்லாம் அம்மா பொறுப்பு. கடைசி நாளில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எழுதிக் கொடுத்தது எல்லாம், நீங்கள் இல்லாத ஒரு வாரத்தில் நடந்து பார்க்க வேண்டும். மறந்தது என்னவென்று அப்போதுதான் தெரியும்.

நாய், பூனையோடு ஒப்பிட்டால் பாம்பின் தேவை மிகக் குறைவு. அது யாருக்காகவும் ஏங்காது. மகன் ஊருக்குப் போய்விட்டான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்காது. பையனுக்கு இதைச் சொன்னபோது முகம் வாடிவிட்டது. ஆனால் விட்டுப் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை. அதற்கு வேண்டியது சூடு, ஈரம், இருட்டான மறைவிடம், தண்ணீர், இரை.

இவற்றில் முதலிடம் சூட்டுக்கு. பாம்பின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரியும் மறுபக்கம் 25, 26 டிகிரியும் இருந்தால், வேண்டியபோது வேண்டிய பக்கம் நகர்ந்துகொள்ளும். இரு பக்கமும் ஒரு மறைவிடம் வேண்டும்; ஒரே பக்கம் வைத்தால், ஒளிந்துகொள்வதா சூடு காய்வதா என்று அது தவிக்கும். வெப்பப் பாயோடு தெர்மோஸ்டாட் கட்டாயம். அது இல்லாவிட்டால் பாய் கொதித்து வயிற்றுத் தோலைச் சுட்டுவிடும். பாம்பு நகரத் தோன்றாமல் அதன் மேலேயே கிடந்து புண்ணாகும். டில்லியில் எதிர்ப் பிரச்சினையும் உண்டு. மே, ஜூனில் அறையே நாற்பதை நெருங்கினால் பாயை அணைத்துவிட்டு, அறையைக் குளிர்விக்க வேண்டும். குளிரைவிடச் சூடு வேகமாகக் கொல்லும்.

சட்டை உரிக்கும் காலத்தில் கண் நீலம் பாரித்து மங்கும். அப்போது ஈரமான பாசி வைத்த டப்பா ஒன்று உள்ளே இருந்தால் சட்டை முழுசாகக் கழலும். அந்த நாட்களில் கண் தெரியாத எரிச்சலில் இருக்கும், தொடக் கூடாது. பெட்டியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஊர்வன உடம்பில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். வயதானவர்களும் சிறு குழந்தைகளும் உள்ள வீட்டில் இதில் சலுகையே இல்லை.

இனி எலி விஷயம். வெங்காயம்கூட ஏகாதசிக்கு நுழையாத வீடு அது. எங்கள் வீடு திருநெல்வேலி வீடு. மீன் வாசனை புதிதல்ல. என் மனைவி இரண்டு நாள் யோசித்துவிட்டு, எங்கள் உறைபெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இடம் ஒதுக்கினாள். டப்பாவை நாடாவால் சுற்றி, மேலே மண்டை ஓடு படம் வரைந்து ஒட்டினாள். ஆக, சூடும் தண்ணீரும் அந்த வீட்டுப் பொறுப்பு. மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிறு நான் போய் இரை கொடுப்பது என்று ஏற்பாடு. பாம்பைப் பார்த்துக்கொள்வது என்றால் ஒருவரே எல்லாம் செய்ய வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. சூட்டைப் பார்க்க ஒருவர், இரை கொடுக்க ஒருவர் என்று பிரித்தால், மாட்டேன் என்று சொன்னவர்களும் சரி என்பார்கள்.

இதற்கென்றே வளர்த்து உறைய வைத்து விற்கும் எலியைத்தான் வாங்க வேண்டும். வீட்டில் பொறியில் விழுந்ததைக் கொடுத்தால், அது எங்கோ தின்ற எலி மருந்து பாம்பின் வயிற்றுக்கும் போகும். உயிரோடு போடுவதையும் நான் ஒப்புவதில்லை. எலிக்கு அது கொடுமை; மூலையில் மாட்டிய எலி பாம்பைக் கடித்துக் குதறியதும் உண்டு. பாம்பின் உடம்பில் மிகப் பருத்த இடம் எவ்வளவோ, எலியும் அவ்வளவே இருக்கலாம். பையில் போட்டு வெந்நீரில் மூழ்க வைத்து, நன்றாக உருகி உடம்புச் சூடு வந்ததும் துடைத்து, நீண்ட கிடுக்கியால் பிடித்துக் காட்ட வேண்டும். தின்ற பிறகு இரண்டு நாள் தூக்கக் கூடாது, தூக்கினால் கக்கிவிடும்.

போவதற்கு முன் பையனைக் கொண்டு செய்ய வைத்த இன்னொரு காரியம், ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் அம்மாவையும் கூட்டிப் போய் அறிமுகம் செய்தது. நாய்க்கு ஊசி போடும் எல்லோரும் பாம்பைப் பார்க்க மாட்டார்கள். அவசரத்தில் தேடக் கூடாத ஆள் அவர். அவர் எண்ணைப் பெட்டி மேலேயே ஒட்டினோம்.

ஆகஸ்ட் முதல் வாரம் பையன் ரயிலேறினான். மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. நவம்பர் கடைசி ஞாயிறு நான் நீட்டிய எலியை லட்டு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. டிசம்பரிலும் அப்படியே. அம்மாள் தவித்துப் போனார். "எங்கிட்ட விட்டதாலதான் சார் சாப்பிட மாட்டேங்குது. அவன் வந்தாதான் சாப்பிடும்" என்று பையனுக்குப் போன் செய்யக் கிளம்பினார். அவனுக்குப் பருவத் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

போனை வாங்கி வைத்துவிட்டு, சமையலறைத் தராசைப் போல ஒரு தராசு வாங்கிவரச் சொன்னேன். இந்த இனம் குளிர்காலத்தில் மாதக் கணக்கில் இரையைத் தொடாமல் இருப்பது சகஜம். கவலைப்பட வேண்டியது உபவாசத்துக்கு அல்ல, எடைக்கு. பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினாலோ, வாயில் நுரை கட்டினாலோ, மூச்சில் சத்தம் வந்தாலோ மருத்துவரிடம் ஓட வேண்டும். நவம்பரில் 1,480 கிராம். ஜனவரி கடைசியில் 1,410. எழுபது கிராம்தான். அம்மாள் அந்தக் கணக்கை நாட்காட்டியில் எழுத ஆரம்பித்தார். பால்காரர் கணக்குக்குப் பக்கத்தில் லட்டு கணக்கு.

எடை போடத் தூக்க வேண்டுமே! நான் ஊரில் இல்லாத ஒரு வாரம், அவரே இரண்டு கையாலும் எடுத்துத் தராசில் வைத்திருக்கிறார். அதைப் பற்றிக் கேட்டபோது, "வழவழன்னு இருக்கும்னு நெனச்சேன். உலர்ந்து, பட்டுத் துணி மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

ஜனவரி நடுவில் ஒரு ராத்திரி எங்கள் பிளாக்குகளில் மின்சாரம் போயிற்று. பதினொரு மணிக்குப் போனது விடியற்காலைதான் வந்தது. காலையில் நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது, பெட்டியைச் சுற்றி இரண்டு கம்பளி. உள்ளே துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பை. மூன்று தடவை எழுந்து வெந்நீர் மாற்றினாராம். பாம்பு சூட்டின் மேல் நேராகப் படக் கூடாது என்று சொன்னது நினைவு வைத்து, துண்டை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். இவ்வளவு நேரம் தாங்கக் கூடியதுதான், கம்பளி மட்டுமே போதும் என்று நான் சொல்லவில்லை. வயிற்றில் இரை இருந்திருந்தால் அது செரிக்காமல் கெட்டுப்போகும் ஆபத்து இருந்திருக்கும். அது பட்டினியாக இருந்ததே அன்று நல்லதாயிற்று.

மார்ச் இரண்டாம் வாரம் லட்டு இரை எடுத்தது. அம்மாள் அறைக்கு வெளியே நின்றுகொண்டு, "எடுத்துதா? எடுத்துதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எடுத்தது என்றதும் பெரியம்மா பூஜை அறையில் விளக்கேற்றினார். பால் மட்டும் வைக்கவில்லை.

2025 மே மாதம் பையன் விடுமுறைக்கு வந்தான். பெட்டியைக் கீழே வைத்ததும் நேராக லட்டு இருந்த அறைக்குத்தான் போனான். நானும் அங்கே இருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் லட்டு சுருண்டு கிடந்தது; ஒரு தடவை நாக்கை நீட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. அவன் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது: "டேய், நேத்திக்குத்தான் சாப்பிட்டிருக்கு. நாளை கழிச்சு எடு. முதல்ல கையைக் கழுவு."

அவன் என்னைப் பார்த்தான். நான் நாட்காட்டியைக் காட்டினேன்.